ஓரத்து இலை

அந்த அமெரிக்கப் படத்தின் பேர் எனக்கு ஞாபகமில்லை. சண்டை முடிந்து சில வருஷம் கழித்து, மலாக்கா டவுனில், மூட்டைப்பூச்சி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த படம். புருஷன் போருக்குப் போய்விட்ட ஒரு வீடு. பெண்டாட்டி பிள்ளைகளை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் விறகு வெட்டிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறான். எனக்கு அவன்மேல் உடனே சந்தேகம் வந்தது. சும்மா ஒருத்தன் விறகு கொண்டுவருவானா?

தியேட்டரில் பாதிப் பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த அம்மாளுக்கு வெண்ணெய் கிடைக்கவில்லையாம், காலுறை கிழிந்துவிட்டதாம், அதுதான் அவர்கள் பட்ட பெரிய கஷ்டம். மலாக்காவை ஒட்டின காஜா பெராங்கில் நாங்கள் கோணிச் சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்டு, மரவள்ளிக்கிழங்கைத் தின்று ஜப்பான்காரன் காலத்தை ஓட்டினோம். எங்களை யாரும் படமெடுக்கவில்லை. எடுத்திருந்தால் அதில் பனி கொட்டியிருக்காது, யாரும் யாரையும் நம்பியிருக்கவும் மாட்டார்கள்.

ஆனாலும் அந்தப் படத்தில் ஒரு இடம் வந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டைச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் குடியிருந்தது ஒரு செட்டி வீட்டின் பின்கட்டில். செட்டி என்றதும் வட்டிக்கடை என்று நினைத்துவிடக் கூடாது. மலாக்காச் செட்டிகள் வேறு ஆட்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கப்பலில் வந்து, இங்கேயே பெண் கட்டி, பேச்சு மலாய் ஆகி, உடுப்பு சாரோங்கும் கெபாயாவும் ஆகி, சாமி மட்டும் நம் சாமியாகவே இருப்பவர்கள். வீட்டுக்காரம்மாளை நாங்கள் மாமி என்போம். புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லை. அவள் மலாயில் பேசுவாள், என் அம்மா தமிழில் பதில் சொல்வாள். சண்டை போடுகிற அளவுக்கு இருவருக்கும் நன்றாகவே புரிந்தது.

மாமியோடு அவளுடைய தம்பி இருந்தார். கல்யாணம் ஆகாதவர். ஜப்பான்காரன் வந்த பிறகு, கூலியாட்களைச் சேர்த்து அனுப்பும் ஆபீசில் அவருக்குக் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, கிடைத்தது. அவரை மாமா என்று கூப்பிடச் சொல்லித்தான் அம்மா எங்களை வளர்த்தாள். வாயால் மாமா என்பேன். மனத்துக்குள் அவர் எனக்குக் கிராணிதான். ஊரே எலும்பும் தோலுமாய்த் திரிந்தபோது அவர் சட்டை மட்டும் கஞ்சி போட்டு நின்றது. கஞ்சி எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டார்களா?

அப்பா ஜாலான் பெண்டஹாராத் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், லாரி ஓட்டினவர். சண்டை வந்ததும் லாரியை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான், கடைக்குப் பூட்டு விழுந்தது. அப்பாவுக்கு இரண்டே பைத்தியம். ஒன்று சினிமா. இன்னொன்று சாப்பாட்டில் ஒரு கோணங்கித்தனம். மாமி வைக்கும் அசாம் பெடாஸ், அதுதான் அந்தப் புளி போட்ட உறைப்பு மீன் குழம்பு, அதை அவர் ரஸ்தாளிப் பழத்தோடு சாப்பிடுவார். பழத்தைப் பாதி உரித்து மீனுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, மீனில் ஒரு வாய், பழத்தில் ஒரு கடி. பார்ப்பவர்களுக்குக் குமட்டும். அது முடிந்ததும் ஓரத்தில் நீலப் பூப்போட்ட, விளிம்பு உடைந்த பீங்கான் குவளையில் கறுப்புக் காப்பி. அந்தக் குவளையில் வேறு யாரும் குடிக்கக் கூடாது. மாமி இதையெல்லாம் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பாள்.

ஒரு நாள் கிராணி வந்து, செங் என்ற ஊருக்குப் போகிற வழியில் ஒரு பெரிய கொட்டகையில் நிப்போன்காரன், ஜப்பான்காரனை அவர் அப்படித்தான் சொல்வார், இலவசமாகப் படம் காட்டப் போகிறான் என்று அப்பாவிடம் சொன்னார். ஆண்களுக்கு மட்டும்தானாம். ஆண்களுக்கு மட்டும் அது என்ன படம் என்று நான் கேட்டேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா சிரித்தார்.

"ஒன் வாயில நல்லதே வராதாடி?" என்றார்.

தலையை வாரிக்கொண்டு போனார். படம் பாதியில் நின்றதாம். விளக்கைப் போட்டார்களாம். வாசலில் லாரிகள் வரிசையாக நின்றனவாம். கக்கூஸ் பக்கமாகச் சுவரேறிக் குதித்துத் தப்பிய ஒருவர் மறுநாள் வந்து சொன்னதுதான் இவ்வளவும். மற்ற எல்லாரையும் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கிராணி அன்று வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் வந்து, தனக்கு எதுவும் தெரியாது என்று அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதார். அம்மா நம்பினாள். நான் நம்பவில்லை. ஆளைச் சேர்க்கிற ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, ஆள் பிடிக்கிற கொட்டகை தெரியாதாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அப்பா உயிரோடு இருக்கிறாரா? சாயங்காலம் கிராணியின் சைக்கிள் சத்தம் கேட்டதும் அம்மா பின்வாசலில் போய் நிற்பாள். என் தங்கச்சி, நாலு வயசு, அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"தம்பி, சயாம்லேருந்து தகவல் எதும்?"

"பெலும், அக்கா." இன்னும் இல்லை என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவார்.

தினம் இதே கேள்வி, இதே பதில். எனக்கு அந்தப் பதிலிலேயே சந்தேகம். உண்மையைச் சொல்கிறவன் கண்ணைப் பார்த்துச் சொல்ல மாட்டானா?

ஒரு மழைநாள் சாயங்காலம் நான் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கிராணி சைக்கிளை நிறுத்திவிட்டு, அம்மா கேட்பதற்கு முன்னாலேயே ஏதோ பேசினார். மழைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு துணி மூட்டையை நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள். அன்று எங்களுக்கு அரிசிச் சோறு. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அரிசிச் சோறு. நானும் தங்கச்சியும் பறந்தடித்துக்கொண்டு தின்றோம். அம்மா வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் சைக்கிள் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கேட்பதை அடியோடு நிறுத்திவிட்டாள். ஆனால் அரிசியும் கருவாடும் வருவது நிற்கவில்லை. முன்னைவிட அதிகமாகவே வந்தது. ஒருமுறை காய்ச்சல் மாத்திரைகூட வந்தது.

அதோடு விட்டதா? அம்மாவின் பொட்டு பெரிதாயிற்று. அப்போது குங்குமம் எங்கே கிடைக்கும்? மஞ்சளில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து, அது சிவந்து வருகிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்வாள். அப்பா இருந்தபோது கடுகளவு வைத்தவள், இப்போது காசளவு வைத்தாள். தாலியையும் ரவிக்கைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டாள். யாருக்காக இந்த அலங்காரம் என்று நான் எனக்குள் கேட்டுக்கொண்டேன். நான் மட்டுமா? தண்ணீர் பிடிக்கப் போனால் பைப்படியில் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள். நிறுத்துவதற்கு முன்னால் நாலு வார்த்தை என் காதில் விழுகிற மாதிரி பார்த்துக்கொள்வார்கள்.

"புருசன் சயாம்ல கல்லு ஒடைக்கிறான். இங்க சோறு மணக்குது."

எனக்கு அவர்கள் முகத்தில் குடத்தை வீச வேண்டும் போல இருந்தது. வீட்டுக்கு வந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. ஆனால் சோற்றைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவேன். சந்தேகம் வயிற்றை நிரப்பாது. கிராணி கொடுத்த அரிசியைத் தின்றுகொண்டே கிராணி நாசமாய்ப் போக வேண்டும் என்று நேர்ந்துகொண்டவள் நான்.

பொங்கலும் வந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் போகியன்று செட்டி வீடுகளில் பார்ச்சு நடக்கும். செத்துப்போன வீட்டு ஆட்களுக்கு நடுக்கூடத்தில் வாழையிலை போட்டு, உயிரோடு இருந்தபோது அவரவர் ஆசைப்பட்டுத் தின்றதை இலைகளில் வைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமாம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அந்தச் சாப்பாட்டைத்தான் பிறகு வீட்டார் சாப்பிடுவது. எங்களிலும் படையல் உண்டு. ஆனால் எங்களில் ஒரு ஆளுக்குப் படைக்க வேண்டுமென்றால் முதலில் அவர் செத்த சேதியை ஊர் அறிய வேண்டும், பெண்டாட்டி பொட்டை அழிக்க வேண்டும்.

அன்று காலை மாமி எங்கள் பின்வாசலுக்கு வந்தாள். குவளை போதவில்லை, ஒன்று இரவல் கொடு என்று மலாயில் கேட்டாள். அம்மா உள்ளே போய் அப்பாவின் நீலப் பூக் குவளையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா போனதிலிருந்து அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருந்த குவளை அது. ஒருமுறை தங்கச்சி அதை எடுத்து விளையாடியதற்கு முதுகில் இரண்டு வாங்கினாள். அதை, கேட்ட உடனே, ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக் கொடுக்கிறாள். அதுவும் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று. அரிசி தின்ற வாய் இல்லை என்று எப்படிச் சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன். மாமி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள். இரவல் குவளையை யாராவது இரண்டு கையால் வாங்குவார்களா?

பின்கட்டுக்கும் நடுக்கூடத்துக்கும் நடுவில் பலகைச் சுவர். அதில் ஒரு கணு விழுந்து ஓட்டை இருந்தது. கரப்பான் வருகிறது என்று நான்தான் அதில் கந்தையை அடைத்து வைத்திருந்தேன். மத்தியானம் தாண்டியதும் மாமியும் கிராணியும் கதவைச் சாத்திவிட்டு வாசலில் போய் நின்றார்கள். அம்மா தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். செத்தவர்கள் சாப்பிடும்போது பார்த்தால் கண் போய்விடும் என்று மாமி சொல்லி வைத்திருந்தாள். நான் கந்தையை உருவினேன்.

சாம்பிராணிப் புகை. விளக்கு. நடுவில் வரிசையாக இலைகள். சோறு கொஞ்சம், கிழங்கு நிறைய, ஏதோ கீரை, மீன். பஞ்ச காலத்துப் பார்ச்சு, செத்தவர்களுக்கும் மரவள்ளிக்கிழங்குதான். அந்த வரிசையிலிருந்து சற்றுத் தள்ளி, ஓரமாக, எங்கள் சுவரை ஒட்டி ஒரு இலை. அதில் மீனுக்குப் பக்கத்தில் ஒரு ரஸ்தாளிப் பழம் சாய்த்து வைத்திருந்தது. பாதி உரித்த பழம். இலைக்கு வலது பக்கம் நீலப் பூக் குவளை. அதில் சோளத்தை வறுத்துப் பொடித்துப் போட்ட காப்பி. ஆவிகூட வந்துகொண்டிருந்தது.

அப்பா செத்துவிட்டார். யாரும் வந்து சொல்லவில்லை, கடுதாசி வரவில்லை, ஒரு வாழைப்பழம் சொல்லிவிட்டது.

கந்தையைத் திரும்ப அடைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். அழுகை வருவதற்கு முன்னால் கோபம் வந்தது. இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆபீசில் சேதி வந்திருக்கிறது. தெரிந்துகொண்டே எங்களிடம் மறைக்கிறார்கள். உறவும் இல்லாத, ஜாதியும் இல்லாத, வாடகைக்குக் குடியிருந்த ஒருவனுக்கு இவர்கள் ஏன் இலை போட வேண்டும்? பயம்தான். கொன்றவனைத்தானே ஆவி சுற்றும். படத்துக்குப் போ என்று அனுப்பிவைத்தவன், இப்போது சோறு போட்டுச் சாந்தி பண்ணுகிறான். அதற்கு அவருடைய குவளையையே அவர் பெண்டாட்டியிடம் இரவல் வாங்குகிறான். அவள் ஒன்றும் அறியாமல் தேய்த்துக் கொடுக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் மாமி ஒரு கிண்ணத்தில் சோறும் மீனும், குவளையில் காப்பியுமாகக் கொண்டுவந்தாள். அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா சோற்றை எங்களுக்குப் பிசைந்து கொடுத்தாள். பிறகு அந்தக் குவளையை எடுத்தாள். அம்மா கறுப்புக் காப்பியைத் தொடாதவள். அன்று கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, சொட்டு விடாமல் குடித்தாள். செத்தவன் இலையில் இருந்த காப்பி என்று தெரியாமல் குடிக்கிறாளே என்று நினைத்தேன். தட்டிவிடலாமா என்று கை பரபரத்தது. ஆனால் தட்டிவிட்டால் ஏன் என்று கேட்பாள். சொன்னால் அந்த நிமிஷமே பொட்டு அழிந்துவிடும். நான் சோற்றை விழுங்கினேன்.

அன்று முதல் நான் அம்மாவுக்குக் காவல் இருந்தேன். கிராணி பின்வாசலுக்கு வந்தால் நான் நடுவில் போய் நிற்பேன். அவர் ஒரு வார்த்தை பேசினால் நான் இரண்டு வார்த்தை இருமுவேன். அவர் எதையாவது உளறி அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அதே சமயம், அவர் அம்மாவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளவும் கூடாது. இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்தேன்.

ஒரு நாள் காலை இரண்டு சிப்பாய்களும், அவர்களுக்கு வழிகாட்ட ஒரு உள்ளூர் ஆளும் வீடு வீடாக வந்தார்கள். ஆம்பிளை இல்லாத வீட்டுப் பெண்களை முகாமில் சமைக்க, துவைக்க என்று கூட்டிப்போவதாக அப்போது பேச்சு. போனவர்களைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை. தெங்கேராப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து போன பெண் திரும்பியபோது அவளுடைய சொந்தத் தாயே கதவைத் திறக்கவில்லையாம். சிப்பாய் அம்மாவைப் பார்த்து ஏதோ கேட்டான். அம்மா அசையவில்லை. தாலியை விரலால் தூக்கிக் காட்டினாள். நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"சயாம்," என்றாள். "நிப்போனுக்கு வேல."

கிராணி உள்ளேயிருந்து ஓடிவந்து அவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்லி, ஜப்பான் பாஷையில் படபடவென்று பேசினார். புருஷன் ரயில் பாதையில் வேலை செய்கிறான், சீக்கிரம் வருவான் என்று சொன்னாராம். மாமி பிறகு சொன்னாள். அவர்கள் அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும், பயம் போய்க் கிராணி மேல் ஆத்திரம் வந்தது. செத்தவனை வருவான் என்று எவ்வளவு கூசாமல் சொல்கிறான் பார் என்று பல்லைக் கடித்தேன். அம்மா பாவம், உண்மையென்று நினைத்துத்தானே சயாம் என்று சொன்னாள்.

ஒரு வழியாகச் சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். கொஞ்ச நாள் கழித்துச் சயாமிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆட்கள் என்றா சொல்வது, நடமாடுகிற எலும்புகள். அதில் ஒருவர் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவோடு அங்கே ஒரே கூலிக் கொட்டகையில் இருந்தவராம். பேதி கண்டு, போன சில மாதத்திலேயே போய்ச் சேர்ந்தார் என்று சொன்னார். அம்மா ஓவென்று கத்திக்கொண்டு விழுந்தாள். மாமி வந்து பிடித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள், பைப்படியில் பேசியவர்கள்தான், வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். பொட்டு அழிந்தது. நானும் அழுதேன். ஆனால் எனக்கு ஒரு பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது. இனி அம்மாவிடம் மறைக்க வேண்டியதில்லை. எனக்கு முன்பே தெரியும் என்று மட்டும் சொல்லவே இல்லை.

கிராணியைப் புது அதிகாரிகள் கூப்பிட்டு விசாரித்தார்கள். என்ன சொன்னாரோ, விட்டுவிட்டார்கள். பிறகு ஒரு மரக்கடையில் கணக்கு எழுதப் போனார். அம்மாவைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்கவும் இல்லை. அந்த விஷயத்தில் நான் நினைத்தது தப்பு. மற்ற விஷயத்தில், அந்தப் படக் கொட்டகை விஷயத்தில், எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

அவர்தான் இந்த அமெரிக்கப் படத்துக்கு டிக்கெட் கொண்டுவந்தார். மாமிக்கும் அம்மாவுக்கும் எனக்கும். அந்த ஆள் பேச்சைக் கேட்டுப் படம் பார்க்கப் போனவர்தான் எங்கப்பா என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. வெள்ளைச் சேலையோடு தியேட்டருக்கா என்று அம்மாவும் தயங்கினாள். மாமி விடவில்லை, இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே போனதும் நான் முதலில் பார்த்தது, வெளியே போகும் வழி எத்தனை என்பதுதான். அம்மாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கும் மாமிக்கும் இங்கிலீஷ் தெரியாது. முகத்தைப் பார்த்துக் கதை தெரிந்துகொண்டார்கள். இப்போது அந்த இடம் வந்தது. சாயங்காலம் பிள்ளைகள் சாப்பிட உட்காருகிறார்கள். அந்த அம்மாள் எல்லாருக்கும் தட்டு வைக்கிறாள். பிறகு ஆள் இல்லாத நாற்காலிக்கு முன்னாலும் ஒரு தட்டு வைக்கிறாள். கத்தி, முள்கரண்டி எல்லாம் ஒழுங்காக வைத்து, தண்ணீரும் ஊற்றி வைக்கிறாள். ஒரு நாள் இல்லை, தினமும்.

செத்துவிட்டான், அவளுக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் பக்கத்தில் அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"பாவம். இவளுக்குச் சேதி வந்துருச்சு. புள்ளைங்ககிட்ட மறைக்கிறா."

அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த மாமி, "கெசியான்," என்று பரிதாபப்பட்டு, அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் அதற்குப் பிறகு படம் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறைக்கிறவளை ஒரே பார்வையில் அவளுக்கு எப்படித் தெரிந்தது? மழைநாள், கதவு நிலை, நின்றுபோன கேள்வி, காசளவு பொட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்த குவளை, கிழக்குப் பார்த்துக் குடித்த காப்பி. ஊரில் உள்ள எல்லார் மேலும் சந்தேகப்பட்டு, கடைசியில் கோட்டை விட்டது என் வீட்டுக்குள்ளேயே.

கடைசியில் அந்தப் படத்தில் புருஷன் பனியில் நடந்து வந்து கதவைத் திறந்தான். தியேட்டரே கைதட்டியது. நாங்கள் மூன்று பேரும் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உசுரோட இருக்கிறவனுக்கா இம்புட்டு நாளா படைச்சா?"

வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மாமி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நானும் அம்மாவும் பின்னால் நடந்தோம். கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, அன்னிக்கு மாமி கேட்டப்ப அந்தக் குவளைய எதுக்கு அப்படித் தேச்சு வச்சிருந்த?"

"ஒங்கப்பா அழுக்குக் குவளையில குடிச்சிருக்காரா?"

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மழையன்று கிராணி வந்து சொன்னது. வெளியே சொல்லாதே என்று அவரிடமும் மாமியிடமும் சத்தியம் வாங்கியது. பொட்டை அழித்திருந்தால் அன்றைக்கே முகாமிலிருந்து லாரி வந்திருக்கும் என்றாள். எங்கள் வீட்டில் இலை போட முடியாது, அவரைப் பட்டினியாக விடவும் மனசில்லை, அதனால் உங்கள் ஆட்களோடு சேர்த்து ஓரமாக ஒரு இலை போடுங்கள் என்று மாமியிடம் தானே கேட்டுக்கொண்டதாகச் சொன்னாள். கிராணிக்குக் கொட்டகை விஷயம் முன்னாலேயே தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். நிஜமாகவா என்றேன். அம்மா முன்னால் போகும் மாமியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"நான் அன்னிக்குப் பாத்தேம்மா," என்றேன். "ஓட்ட வழியா. அப்பாவோட இலைய."

அம்மா நின்றுவிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பாக்கலடி. கொல்லையில நின்னுக்கிட்டிருந்தேன். மாமிகிட்டச் சொல்லி வச்சிருந்தேன், ஆனா எல்லாம் அவரு பிரியப்படி வச்சாளான்னு கேக்க இன்னிக்கு வரைக்கும் வாய் வரல." என் பக்கம் திரும்பினாள். "மீனுக்குப் பக்கத்துல பழம் வச்சிருந்தாளா?"

"வச்சிருந்தாங்கம்மா."

"உரிச்சா?"

"பாதி உரிச்சு."

அம்மா தலையை ஆட்டினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாமியை எட்டிப் பிடிக்க வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.